பதினொன்றில் ஒன்று

முதல் வாக்கை நான் போட்டது
என் ஊரில் அல்ல.
லெஸ்டரில், மே மாத வியாழன் ஒன்றில்,
குளிர் விடாத தேவாலயக் கூடத்தில்,
மடித்துச் சாத்தியிருந்த
மேசைப்பந்து மேசைக்குப் பக்கத்தில்.

காமன்வெல்த் குடிமகள் என்றால் போதுமாம்.
படிக்க வந்தவள், வாடகை அறைக்காரி,
இரவில் பேக்கரியில் தட்டுக் கழுவுகிறவள்
எனக்கும் ஒரு சீட்டு.

அதற்கு முந்தைய வாரம்
கதவைத் தட்டினார் திருமதி கிரிம்ஷா.
மழைக்கோட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
"உங்களுக்கு என்ன குறை?"
எனக்கு ஓட்டு இருப்பதே தெரியாது என்றேன்.
"பட்டியலில் பெயர் இருக்கிறதே" என்றார்,
ஏதோ நான் வைத்துவிட்டுத் தேடும் சாவியைக்
கண்டெடுத்துக் கொடுப்பவர் போல.

தெருமுனை விளக்கு எரியவில்லை.
வேலை முடிந்து வரும்போது பயமாக இருக்கிறது.
அவ்வளவுதான் சொன்னேன்.
ஈரத் தாளில் குறித்துக்கொண்டார்.

கூடத்தில் கிழவர் ஒருவர்
அடிக்கோலை வைத்துப் பெயர் தேடினார்.
என் பெயரில் இல்லை.
அப்பா பெயரிலும் இல்லை.
கடைசியில் அகப்பட்டேன்:
"டிஓ, தவமலர் குணரத்தினம்."
இன்னார் மகள் என்று சொல்ல
நம் அடையாள அட்டையில் சாய்ந்து நிற்கும் கோட்டை
யாரோ நிமிர்த்திக்
குடும்பப் பெயராக்கி இருந்தார்கள்.
"ஐரிஷ்காரியா?" என்றார்.
சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

கயிற்றில் கட்டிய பென்சில்.
கயிறு குட்டை.
குனிந்துதான் போட வேண்டியிருந்தது
அந்தப் பெருக்கல் குறியை.

திருமதி கிரிம்ஷா வென்றார்,
பதினொரு வாக்கில்.
பேருந்தில் யாரோ விட்டுப்போன நாளிதழில் படித்தேன்.
அந்தப் பதினொன்றில் ஒன்று நான் என்று
பக்கத்து இருக்கையிடம் சொல்லத் தோன்றியது.
பக்கத்து இருக்கை தூங்கிக்கொண்டிருந்தது.
ஜூனில் ஊர் திரும்பிவிட்டேன்.

அதன்பின் இங்கே
இரண்டு பொதுத்தேர்தல்.
இரண்டு முறையும் வேட்புமனு நாளன்று
மதியம் பன்னிரண்டே காலுக்குள்
எங்கள் குழுத்தொகுதி முடிந்துவிட்டது.
எதிர்த்து நிற்க ஆளில்லை.
மற்ற தொகுதிகளில் கூட்டம், கொடி, தொண்டை வறட்சி.
நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம்,
அடுத்த வீட்டுக் கல்யாணத்தைச்
சன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி.
அலுவலகத்தில் கேட்டார்கள்: "நீ ஓட்டே போட்டதில்லையா?"
போட்டிருக்கிறேன், ஒரு தெருவிளக்குக்காக,
என்று சொன்னால் கதை நீளும்.
இல்லை என்று சொல்லிவிடுவேன்.

இன்று
எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசை.
சதுரங்க மேசைகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
எட்டரைக்கே வியர்வை.
எனக்கு முன்னால் ஏழாம் மாடி செங் ஹாக்,
இஸ்திரி போட்ட சட்டை, புதுக் காலுறை.
நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாம்.
"தப்பாகப் போட்டுவிட்டால்
வேறு தாள் கொடுப்பார்களா?" என்கிறார்.
அவருக்கு மூத்தவள் போலத் தைரியம் சொல்கிறேன்.

கைருன்னிசா என்று மார்பில் பெயர் குத்திய பெண்
என் பெயரை உரக்கப் படிக்கிறாள்.
தவ. மலர். டி. ஓ. குண.
நின்று, மூச்சு வாங்கி, ரத்தினம்.
"சரியாகச் சொன்னேனா?"
சரிதான் என்கிறேன்.
இருபதாண்டாக ஆரம்பப்பள்ளியில்
இரவு வகுப்புக்கு மட்டும் வரும் அப்பா
ஒரு நொடி கூடத்தில் எழுந்து நின்றது போல இருக்கிறது.

அட்டைத் தடுப்புக்குள் பேனா.
கை தானாகவே கயிற்றைத் தேடுகிறது.
கயிறு இல்லை.
குனிய வேண்டிய அவசியமும் இல்லை.
இருந்தும் குனிகிறேன்.

யாருக்கு என்று கேட்காதீர்கள்.
செங் ஹாக்கும் கேட்டார். சொல்லவில்லை.

திரும்பும்போது மின்தூக்கிக் கதவில்
நகர மன்றத்தின் மஞ்சள் தாள்:
பழுது, பொறுத்தருள்க.
ஆறு மாடி ஏறுகிறேன்.
நான்காம் மாடித் திருப்பத்தில்
குழல்விளக்கு ஒன்று
எரிவதா வேண்டாமா என்று துடிக்கிறது.

லெஸ்டர் முனையில் அந்த விளக்கை
மாற்றினார்களா இல்லையா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.