இரண்டாம் பூச்சுக்கு முன்

புக்கிட் பாத்தோக்கில், பன்னிரண்டாம் மாடி உயரத்தில்
ஒரு குதிரை இருக்கிறது.
நீங்கள் பார்க்க முடியாது.
அதன் மேல் இரண்டு பூச்சு வெள்ளை.

என் தலைக்கவசத்தில் 'அருமை' என்று எழுதியிருக்கும்.
முழுப்பெயர் அருமைநாயகம்; இடம் போதவில்லை.
சில ஆண்டுக்கு ஒருமுறை இந்த வீடுகளுக்குப்
புதுச்சட்டை போட்டுவிடும் கூட்டத்தில் ஒருவன்.
புளோக் எண்களும் நான்தான்:
என்னைவிட உயரமான ஏழு,
என்னைவிட அகலமான மூன்று.

விடுதி அறையில் பன்னிரண்டு பேர்.
முழங்கால் போட்டால்
யாருடைய சோற்று டப்பாவிலாவது இடிக்கும்.
கண்ணை மூடினால் தூக்கம் முந்திக்கொள்ளும்.
'ஸ்தோத்திரம்' என்று தொடங்கி
'ஸ்தோ'வோடு நின்ற இரவுகள் நிறைய.

ஒருநாள் சீலர் காயக் காத்திருந்தபோது
எண்ணுக்குக் கலக்கிய சாம்பல் நிறம்
வாளியடியில் கொஞ்சம் மிச்சம்.
கை சும்மா இருக்கவில்லை.
ஒரு வெண்டைக்காய் வரைந்தேன்.
ஏன் வெண்டைக்காய் என்று கேட்காதீர்கள்.
கடைசி வரியை இழுத்து முடித்தபோது
நெஞ்சுக்குள் ஓர் ஆமென் விழுந்தது,
நான் சொல்லாமலே.

பிறகு தினம் ஒன்று.
ஹெலனின் காதோரம். கயிற்றின் முறுக்கு.
தலையைச் சாய்த்து என்னை விசாரித்த மைனா.
அதன் கண்ணைச் சுற்றிய மஞ்சளை
நாலு வருடமாகப் பார்த்தும் பார்த்ததில்லை;
வரைந்த அன்றுதான்
அதைச் செய்தவர் எவ்வளவு நேரம் அதனருகே
உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

வரைவேன். பார்ப்பேன். மூடுவேன்.
"அழிக்கத்தான் வரைகிறாயா?" என்பான் ரொபியுல்,
கொண்டோலாவின் மறுமுனையிலிருந்து,
நாங்களே ஒட்டுப்போட்டுத் தைத்த மொழியில்.
அழிக்கவில்லை, உள்ளே வைக்கிறேன் என்றேன்.
அவன் விசையை அழுத்தினான். இறங்கினோம்.

ஞாயிறு ஆராதனையில் பை வரும்போது
இரண்டு வெள்ளி போடுவேன்.
இது அந்தப் பைக்குள் நுழையாதது.
ஆண்டவர் தரையில் விரலால் எழுதியதை
எவரும் படியெடுத்து வைக்கவில்லை.
மிதித்துக்கொண்டே போயிருப்பார்கள்.
அதை நினைத்தால் எனக்குத் துணிச்சல் வரும்.

குதிரை, செவ்வாய்க்கிழமை.
உடம்பு வந்தது. பிடரி வந்தது.
கண் நன்றாகவே வந்தது.
கால் வரவில்லை, குதிரைக் கால் எனக்கு வராது.
அதற்குள் மேற்கே இடி.
கெங் சூன் கீழிருந்து விசில் ஊதினார்.
மழை, இருட்டும் வரை விடவில்லை.
எதிர் புளோக் முழுக்கப் பார்க்க
இரவெல்லாம் காலில்லாத குதிரை
சுவரில் நின்றது.
நின்றது என்பது தப்பு. மிதந்தது.

புதன் காலை ஏறிப் போனால்
சமையலறைச் சன்னலில், கண்ணாடிக்கு உள்பக்கம்
ஒட்டிய தாள்.
நீலக் கிரயானில் நான்கு கால்.
கால்கள் மட்டும். ஒன்றுக்குச் சப்பாத்து.
பின்னால் யாருமில்லை;
பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும்.

சிரித்தேன்.
சிரித்த கையோடு எதிர் புளோக்கைப் பார்த்தேன்,
யாராவது படம் எடுக்கிறார்களா என்று.
இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.
பத்து மாதத்தில் முதல்முறையாக
என் மணிக்கட்டு யாருக்காகவோ
அழகாக வளைந்தது.

"கறை. மதியத்துக்குள் போகணும்" என்றார் கெங் சூன்.
தாளைப் பார்த்துப் பார்த்துக் கால் வரைந்தேன்,
சப்பாத்து உட்பட.
முதல் பூச்சு. காய்ந்தது. இரண்டாவது.
உருளை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.
கண் இருந்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் மெல்லிசாய் இழுத்தேன்.
வேண்டுமென்றே.

கர்த்தாவே, அந்த ஒரு சாண் சுவரை
உமக்குக் கொடுத்தேனா,
எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேனா,
தெரியவில்லை.
வெயில் அங்கேதான் முதலில் தின்னத் தொடங்கும்.
அதற்குள் ஒரு பதில் சொல்லும்.

நாளை பதினோராம் மாடி.
வாளியில் சாம்பல் இன்னும் இருக்கிறது.