நாலு யூனிட்

ரேஷனில் இந்த மாதமும் இரண்டு கிலோ சீனி.
சீனி வியாதிக்காரர் இருக்கிற வீட்டுக்கு
தவறாமல் வந்து சேர்வது அதுதான்.
முருகன்குறிச்சி டீக்கடையில் கொடுத்து
தேயிலையாக மாற்றிக்கொள்வேன்.
நோட்டில் அதற்கு வரவும் கிடையாது, செலவும் கிடையாது.

டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, அவருக்கு உண்டு.
அதனால் அவர் நோய்க்கும் நான்தான்
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது,
வீங்கின முட்டுகளை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு.
"நோயாளி எங்கேம்மா?"
எந்த நோயாளி என்று கேட்க வாய் வரும்.
இருந்தால் தருவார்கள்.
"அடுத்த வாரம் வாங்க" என்றால்
சமாதானபுரம் மெடிக்கலில் காசு கொடுத்து ஒரு புட்டி.

என் மாத்திரை வாரத்துக்கு ஒருநாள், ஞாயிறு.
போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனால்
இரண்டாம் பாட்டில் வயிறு புரளத் தொடங்கும்.
ஐயர் பிரசங்கத்தில் எங்கே போய் எங்கே திரும்பினார்
என்று கேட்டால் தெரியாது.
திங்கள்கிழமை விரல் கொஞ்சம் மடங்கும்.
மடங்குகிற விரலால் பள்ளிக்கூட உடுப்புக்குக் காஜா எடுப்பேன்,
ஓட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று.

பழைய ஃபிரிட்ஜ் வாங்கினது மாவு புளிக்காதிருக்க அல்ல.
கதவுத் தட்டில், அரைமூடித் தேங்காய்க்குப் பக்கத்தில்
அந்தப் புட்டி நிற்க வேண்டும்.
இந்த யூனிட் கெடாதிருக்க அந்த யூனிட் ஓடுகிறது.
கரண்டு கணக்கெடுக்க வருகிறவர் சொல்வதும் யூனிட்,
டாக்டர் எழுதுவதும் யூனிட்.
ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கமும் பில்.

புட்டியில் நானூறு.
காலையில் பன்னிரண்டு, ராத்திரி எட்டு.
ஒன்றாம் தேதி திறந்தால் இருபதோடு தீரணும்.
இருபதாம் தேதிக்கு நேராக
அடுத்த புட்டிக்கு நூற்று எழுபது எழுதி
ரூபாயை பைபிளுக்குள் வைத்திருந்தேன்.
"இன்னும் கெடக்குளா, இப்பம் என்ன அவசரம்"
என்று சொல்லிவிட்டுப் படுத்தார் அருமைநாயகம்.

அவர் குறட்டைக்கு நடுவே
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் புட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.
எண்பது.

கைப்பிசகு என்று சொல்ல முடியாது.
ஆணிக்கடைத் தராசில் முப்பது வருஷம் நிற்கிற ஆள்.
அரை இஞ்சு ஆணி நூறு கிராம் கேட்டால்
ஒரு ஆணி கூடவும் விழாது, குறையவும் விழாது.
நாளுக்கு நாலு.
காலையில் பத்து, ராத்திரி ஆறு,
இருபது நாளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கர்த்தர் கேட்டதே பத்தில் ஒன்று.
இவர் அஞ்சில் ஒன்றைப் பிடித்து
எந்தக் காணிக்கைப் பையில் போட்டார்?
பெனிட்டாவின் நர்சிங் ஃபீஸ், மூன்றாம் தவணையா?
இல்லை, போன மாதம்
என் மாத்திரை அட்டைக்கு விலை ஏறியதை
அடுப்படியிலிருந்து மூன்று தடவை சத்தமாகச் சொன்னேனே,
அதுவா?

நோட்டை எடுத்தேன்.
மிச்சம் என்று எழுதப் போய், அடித்தேன்.
கடன் என்று எழுதினேன்:
அருமைநாயகத்துக்கு, எண்பது யூனிட்.
வட்டிக் கட்டத்தில் என்ன போட?
போன வாரம் கால் பெருவிரல் மரத்துப்போச்சு என்றாரே,
அதைப் போடவா?
கட்டத்தை வெறுமனே விட்டேன்.

காலையில் ஊசியை நானே எடுத்தேன்.
இந்த விரலுக்கு அந்தப் பிடி பெரிய வேலை.
சன்னல் வெளிச்சத்தில் குமிழியைத் தட்டி வெளியேற்றி
"பன்னிரண்டு" என்றேன்,
சபையில் சங்கீதம் வாசிக்கிற குரலில்.

"கூடிப்போச்சுளா."

"சட்டையைத் தூக்குங்க."

ஒன்றும் பேசாமல் தூக்கினார்.
நாலுமுறை குத்தி மழுங்கின ஊசி, தோலில் நின்று முரண்டியது.
அதை எறிந்துவிட்டுப் புதிது பிரித்தேன்.
ஒன்பது ரூபாய்.
நோட்டில் பிறகு எழுதிக்கொள்ளலாம்.