தொலேதோ

சனி இரவு வேலை முடிந்து
நான் தூங்கி எழும்போது மணி ஒன்று.
மூன்று பேரும் வெளியே போகும் உடுப்பில்
கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள்,
ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் மாதிரி.
“கொடிமலைக்குப் போலாம்னு சொன்னீங்கம்மா.”
சொல்லியிருப்பேன், எந்தத் தூக்கத்திலோ.

ஆயர் ஈத்தாமில் கார் நிறுத்த இடம் தேடி
சந்தையையே சுற்றிச் சுற்றி வந்தோம்.
மூன்றாவது சுற்றில் லோஷினி சொன்னாள்,
“பிரதட்சணம் முடிஞ்சிருச்சுப்பா.”
இவர் சிரித்தார்.
பாதியில் எதையோ நினைத்துக்கொண்டு நிறுத்தினார்.
ஒன்றரை வருஷமாக இப்படித்தான்,
பாதிப் பாதியாக.

ரயில் மலையோடு ஒட்டிக்கொண்டு ஏறியது.
காது அடைத்தது.
மீன் மாதிரி வாயைப் பிளந்து
எப்படித் திறப்பது என்று தங்கைக்குக் காட்டினான் கவினேஷ்.
எதிரே ஒரு சீனப் பெரியவர்
கீரைக்கட்டை மடியில் வைத்துத்
தூங்கிக்கொண்டே மேலே போனார்.

உச்சியில் முருகனுக்கு ஒரு கும்பிடு.
ஐஸ் கச்சாங் இரண்டு கிண்ணம், நான்கு கரண்டி.
கீழே தீவையும் பெருநிலத்தையும்
அவசரத்தில் ஓட்டிய தையல் போல
பாலம்.
அந்தக் கரையில்தான் பட்டவொர்த்.
மாமனாரின் வீடு. விற்ற வீடு.
எல்லாரும் கம்பியில் சாய்ந்து பார்த்தோம்.
இவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு
பீரங்கியைப் பார்த்தார்.

“சித்தப்பா!”

கைபட்டுவிட்டதாம்.
பதினொரு வயது விரல்
அப்படியெல்லாம் தவறாது.

திரையில் லோகேந்திரன். மெலிந்திருந்தான்.
பின்னால் மஞ்சள் கல்லில்
ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள்.
அங்கே காலை பத்து மணி.
கம்பெனி அனுப்பிய ஆறு வாரத்தில்
இன்றுதான் ஊர் பார்க்கக் கிளம்பினானாம், தனியாக.
“மலை மேல ஊர் அண்ணி, ரொம்பப் பழசு.
மூணு பக்கமும் ஆறு.
ஏறிப் போறதுக்கு மின்படி போட்டிருக்கான்,
நம்ம கொம்தார் மாதிரி.”
தெருவெல்லாம் வாள் விற்கிறார்களாம்.
“ஒண்ணு வாங்கிட்டு வாங்க சித்தப்பா!”
“பிளைட்ல விடமாட்டான்டா.”

“ஊர் பேரு என்ன?” என்றேன்.
“தொலேதோ.”
காற்று. சரியாகக் கேட்கவில்லை.
“என்னது?”
“தொ… லே… தோ.”

நான் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்க வேண்டியதில்லை.
பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று
வக்கீல் ஆபீஸ் வாசலில், அந்த வெயிலில்,
தம்பியிடம் இவர் கடைசியாகச் சொன்னது:
“எங்கேயாவது தொலை.”

உலகத்தில் எத்தனையோ ஊர்.
சொல் தட்டாத தம்பி
இந்தப் பெயரிலா ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்?

லோஷினிக்கு ஒன்றும் தெரியாது.
போனைப் பிடுங்கி
அப்பா முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
இரண்டு மலையின் காற்றும்
அந்தச் சின்ன ஸ்பீக்கரில் முட்டிக்கொண்டன.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
எந்த மலையில் என்று தெரியவில்லை.

பிறகு இவர் கேட்டார்,
“சாப்டியா?”

அவன் வாயைத் திறந்தான்.
அப்போது பார்த்து மேகம் ஏறி வந்தது.
பாலம் போயிற்று, பட்டவொர்த் போயிற்று,
லைனும் போயிற்று.
பிளந்த வாயோடு திரையில் அப்படியே நின்றான்,
காது அடைத்தவன் மாதிரி.

“கடைசி ரயிலுக்கு நேரம் இருக்கு,” என்றார்,
யாரும் கேட்காமலே.
போனை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
வெள்ளை மூட்டத்துக்குள் இங்கும் அங்கும் நடந்தார்.
ஒரு கோடு வந்தது. அணைந்தது.
ஐஸ் கச்சாங் சிவப்புத் தண்ணீராகிவிட்டிருந்தது.
நானே குடித்தேன்.

இறங்கும்போது, நடுமலையில்,
சட்டைப் பையில் ஒரு அதிர்வு.
சொல் ஒன்றும் இல்லை. ஒரு படம்:
கல் மதில் மேல், காகிதத்தில்,
பாதி கடித்த ரொட்டி.

எங்களிடம் காட்டவில்லை.
இரண்டு விரலால் அந்த ரொட்டியைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்
அடிவாரம் வரைக்கும்.