முழங்கால் உயரம்

பனி விட்டாயிற்று.
மாசி ஆறாம் தேதி,
பனியன் கம்பெனிக்கு லீவு.
பிசிர் நறுக்கும் கத்திரிக்கு
செம்பருத்தி வாது மசியவில்லை;
அரிவாளை எடுத்தேன்.

நகத்தால் சுரண்டினால்
மாவுப்பூச்சி, பழுப்பு,
பிறகுதான் பச்சை.
இன்னும் சித்த கீழே, சித்த கீழே என்று
முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது செடி.
ஊத்துக்குளி தாண்டும் ரயில்
முதல்முறையாக வாசலிலிருந்தே தெரிந்தது.

மதிலுக்கு அக்கட்டால மயிலாத்தாள்:
“மொட்டையடிச்சுப் போட்டயே அம்முணி,
நாளைக்குச் சாமிக்கு?”

விடியுமுன் பறிப்பது யாரென்று
மூன்று வருஷமாக யோசித்திருக்கிறேன்.
இருவருமே
கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெயிண்ட் டப்பாவில் இரண்டு குச்சி ஊன்றி
மதில்மேல் வைத்தேன்.
பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தது.
காலையில்
ஈர வட்டம் மட்டும்.