பக்கம் எழுபத்து மூன்று

ஜெகதேவி சாலையில் எங்கள் கம்பெனி
கல்லறைக் கல் ஏற்றுமதி செய்கிறது.
பகலெல்லாம் நான் பில் போடுவேன்:
கறுப்பு, பாலிஷ், இரண்டுக்கு மூன்றடி,
இறக்கை வைத்த தேவதை என்றால் தனி ரேட்.
இப்படி ஒரு வேலையில் இருப்பவள்
பேய்க்கதை எழுதாமல்
கோலப் புத்தகமா எழுதுவாள்?

எழுதினேன். இரண்டு வருடம்,
டெலிவரி சலான்களின் முதுகில்.
தளிப் பக்கம், பனிமூட்டத்தில்
பாழடைந்த மாளிகை.
அதன் கதவு நாலு பக்கத்துக்குக் கிறீச்சிடும்.
ஐந்தாம் பக்கத்தில் வாட்ச்மேன் நஞ்சுண்டன்
தேங்காய் எண்ணெயோடு வருவான்.
மாடியறையில் பூட்டிக் கிடக்கும் முதல் மனைவி
உண்டு, அவளில்லாமல் எப்படி?
ஆனால் பூட்டிக்கொண்டது அவளேதான், உள்ளிருந்து.
அந்த வீட்டில் அங்கே மட்டும்தான் டவர் கிடைக்கும்.

ரத்தம் குடிக்கும் பிரபு.
முந்நூறு வயது, கறுப்பு மேலங்கி, ஆதார் இல்லை.
வௌவாலாகி மாந்தோப்பில் இறங்கியவர்
வலையில் சிக்கி விடிய விடியத் தொங்குவார்.
குத்தகைக்காரி வெங்கடலட்சுமி
கழியால் தட்டி இறக்கி
இரண்டு பெங்களூரா கொடுத்து அனுப்புவாள்.
அதன்பிறகு அவருக்கு ரத்தம் இறங்கவில்லை.
மாங்கூழ் ஃபேக்டரி வாசலில்
சீசன் முழுக்கச் சொம்போடு நிற்கிறார்.

சென்னைக்கு அனுப்பினேன், மூன்று பேருக்கு.
ஒருவர் பதில் போட்டார்:
‘பயப்பட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா,
முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள்.’
என் கல்யாணத்திலேயே
அதை நான் முடிவு செய்யவில்லை.

ஏலச்சீட்டை நான்காம் மாதமே தள்ளி எடுத்தேன்.
ரவுண்டானா பக்கம் இதாயத்துல்லா அச்சகம்,
கண்ணீர் அஞ்சலியும் மஞ்சள் நீராட்டும்
ஒரே மெஷினில் ஓடும் இடம்.
அட்டைக்கு நிலா கேட்டேன்.
யாருடைய மூன்றாம் ஆண்டு நினைவிலிருந்தோ
ஒரு புறாவை எடுத்து வைத்தார்.
‘பேய்க்கதைக்குப் புறா எதுக்கு பாய்?’
‘சமாதானமான பேய்னு நினைச்சுக்கட்டும்.’
பதிப்பகப் பெயர் வேண்டுமாம்.
தலைகீழ் வெளியீடு என்றேன்.
விலாசத்துக்கு எங்கள் வீட்டுக் கதவெண்.

முந்நூறு பிரதி, ஆறு பெட்டி,
கட்டிலுக்கடியில்.
சவப்பெட்டி மேல படுக்கிற மாதிரி இருக்கு
என்றார் வீட்டுக்காரர்,
ஒரு பக்கமும் படிக்காமலே.

பக்கம் எழுபத்து மூன்று.
இடி, மின்னல், உச்சக்கட்டம்.
நான் எழுதியது:
பெட்டி திறந்தது. பிணம் எழுந்தது.
அச்சில் பிணத்தின் மேல்விலங்கு
கழன்று போயிருந்தது.
பெட்டி திறந்தது. பணம் எழுந்தது.
முந்நூறிலும்.

இதுவரை விற்றது எண்பத்து நான்கு.
பர்கூரிலிருந்து, காவேரிப்பட்டணத்திலிருந்து
போன் செய்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்:
அந்தப் பணம் எழுந்த இடம் இருக்கே அக்கா,
வயிறு வலிக்கச் சிரிச்சோம்.
ராத்திரி ராத்திரியாக நான் செதுக்கிய சொம்பைப் பற்றி
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

யார்டின் கோடியில் ஒரு கல் நிற்கிறது.
எழுத்து வெட்டும் முனிரத்தினம்
பேரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டதால்
கப்பலேறாத கல்.
கீழே வருடங்கள் இரண்டு.
கழித்துப் பார்த்தால் நான்கு.
அதன் மேல் டிபன் பாக்ஸ் வைத்து
யாரும் சாப்பிடுவதில்லை,
யாரும் சொல்லாமலே.

நேற்று மதியம் அதனருகில் நின்று
காசு கொடுத்து வாங்கிய என் புத்தகத்தை
முனிரத்தினம் படித்துக்கொண்டிருந்தார்.
எழுபத்து மூன்றுக்கு வந்தார்.
சிரிக்கவில்லை.
காதில் செருகிய பென்சிலை எடுத்து
‘ப’வின் தலையில் வளைவாக ஒரு கோடு.
பிறகு பழக்கத்தில்
தாளை ஊதினார்,
தூசு இல்லாத தாளை.

மீதி இருநூற்றுப் பதினாறையும்
திருத்தித் தரட்டுமா என்றார்.
வேண்டாம் என்றேன்.
விற்கிறதே அதுதான்.