கறை எடுக்கும் வேலை

சத்துவாச்சாரியில்
ஷூ கம்பெனி மேனேஜர் வீட்டு ஹாலுக்குத்
துருக்கியிலிருந்து வந்த பழுப்புக் கல்.
பதினேழாவது பலகையில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருள்.

"கறை" என்றார் மேனேஜர்.
"டிசைன்" என்றார் கடைக்காரர் பன்வர்லால்,
அதற்குத் தனி விலை கேட்கலாமா என்ற முகத்தோடு.
மெஷினை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன்.
ஈரம் பட்டதும் அறை அறையாகத் தெரிந்தது.
கடைசி அறை மட்டும் பெரிது.
குடியிருந்தது அங்கேதான்.
வளர வளர முன்னால் ஓர் அறை கட்டிக்கொண்டு
பின்னால் இருப்பதை அடைத்துவிட்டு வருமாம்,
போனில் போட்டிருந்தது.
முப்பது கோடி வருஷத்துக்கு மேல் கடலில் இருந்துவிட்டு
வானத்திலிருந்து கல் விழுந்த காலத்தில்
ஒன்று பாக்கியில்லாமல் போன ஜாதி.

எனக்கு இது புதுசு.
நான் அறுத்ததெல்லாம் இந்த ஊர்க் கல்.
கோட்டைச் சுவரைப் பெயர்த்துப் பார்த்தாலும்
ஒரு முள், ஒரு ஓடு கிடைக்காது.
உயிருக்கு எலும்பு வைக்குமுன்பே
ஆறி இறுகிய பாறை.
சாவே தெரியாத அந்தக் கல்லைத்தான்
இத்தனை நாளாய்க்
கல்லறைக்கு விற்றுக்கொண்டிருந்தோம்.

எபநேசர் சிமெண்ட் மூட்டைமேல் டீ குடித்தான்.
முன்பு ராணிப்பேட்டைப் பக்கம் எலும்பு மில்லில் இருந்தவன்.
"மதில் மேல வரிசயா ஒக்காந்திருக்கும்,
பொணந்தின்னிக் கழுகு.
வெரட்டவே ஒரு ஆள், தங்கவேலு.
ஒரு நாள் அவர நிறுத்திட்டாங்க."
ஏன்?
"வெரட்ட ஒண்ணும் வர்ல."
எந்த வருஷம் என்றேன்.
டம்ளரைக் கவிழ்த்து உதறினான்.

மாட்டுக்குப் போட்ட வலி ஊசி
கழுகின் சிறுநீரகத்தில் வேலை செய்தது
பின்னால் வந்த செய்தி.
மில் பேரேட்டில் தங்கவேலுவின்
கடைசிச் சம்பளம் எழுதியிருப்பார்கள்.
தேதி வேண்டுமென்றால் அங்கே போய்த் தோண்ட வேண்டும்.

செத்ததெல்லாம் கல்லாவதில்லை.
சேறு வேண்டும், சீக்கிரம் மூட வேண்டும்,
யாரும் கிளறாமல் விட வேண்டும்.
பாலாற்றில் மணலை அள்ளிவிட்டார்கள், சேறு இருக்கிறது.
தோல் ஷாப்புப் பச்சைச் சேறு.
அதில் கழுகு இருக்காது.
பிரியாணிக் கடைகளின் கோழிக்கால் இருக்கும்
லட்சக்கணக்கில்,
ஏற்றுமதிக்குத் தேறாத ஒற்றைச் செருப்படி இருக்கும்.
என்றோ அறுத்துப் பார்க்கிறவர் எழுதக்கூடும்:
இங்கே கோழிகள் ஆண்டன,
ஒற்றைக்காலர்கள் அவற்றுக்கு ஊழியம் செய்தார்கள்.

மேனேஜர் போனில் பேசிக்கொண்டே
துடைப்பதுபோல் கையைக் காட்டினார்.

அறுபதாம் நம்பர் போட்டு இறக்கினேன்.
முதலில் போனது நடு,
குன்றிமணி அளவு, அது பிறந்த அறை.
பிறகு அடைத்த அறைகள், சுற்றுச் சுற்றாக.
குடியிருந்த அறை மட்டும்
கொஞ்ச நேரம் நிலாப் பிறை மாதிரி நின்றது.
மெஷினைத் தூக்கிப் பிடித்தேன்.
எபநேசர் பார்த்தான். இறக்கினேன்.

அரைத்த கல் பால்போல் வழிந்து
குளியலறை ஓட்டையில் இறங்கியது.
அது சாக்கடைக்கு, சாக்கடை பாலாற்றுக்கு.
இந்த வருஷம் வெள்ளம் வந்தால்
கடல்வரைகூடப் போகலாம்.

மேனேஜர் குனிந்து தடவிப் பார்த்தார்.
அந்த இடத்தில் மட்டும்
விரலுக்குத் தெரிகிற ஒரு பள்ளம்.

"பரவால்ல" என்றார்,
"அதுமேல சோபா போட்டுக்கலாம்."