எந்தத் திரை

மூன்று கன்சோல்கள், முப்பது நாள் இலவசம்.
மூன்றையும் ஒரே சர்வரில் ஏற்றிவைத்தேன்,
முறைத்துக்கொண்ட மூன்று சம்பந்திகளை
ஒரே வீட்டில் தங்கவைத்ததுபோல.

சர்வர் இருப்பது ட்வொராய்ரியில்,
மீன் கிடங்கின் காபி அறைக்குப் பக்கத்தில்
துடைப்பம் சாத்திவைக்கும் அலமாரிக்குள்.
நான் இருப்பது தோர்ஸ்ஹவுனில்.
நடுவில் இரண்டு மணி நேரக் கடல்.
காற்று முரண்டு பிடித்தால் கப்பலும் கிடையாது.
இங்கிருந்தே நீள வேண்டும் ஒரு கை.
எந்தக் கை என்பதுதான் கேள்வி.

முதலாவது அழகி.
உள்ளே விசிறி சுற்றினால்
திரையிலும் ஒரு விசிறி சுற்றும்.
உயிரோடிருப்பதெல்லாம் பச்சைப் பொட்டு
செத்தது சிவப்பு.
விற்க வந்த மாட்ஸ்
"குழந்தைகூட ஓட்டலாம்" என்றான்.
எங்கள் கிடங்கில் குழந்தைகள்
வேலை செய்வதில்லை என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. விலையைச் சொன்னான்.
பிறகு நானும் சிரிக்கவில்லை.

இரண்டாவது என்றைக்கும் இலவசம்.
கதவுக்குள் கதவு, அதற்குள் ஜன்னல்.
நிறுத்தித் தொடங்கும் பட்டனைக் கண்டுபிடிக்க
எனக்கே பதினொரு நிமிடம்.

மூன்றாவது கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
ஏதாவது நேர்ந்தால் ஒரு வரி எழுதும்.
நேராவிட்டால் வாயே திறக்காது.
ஆண்டுக்கு ஒரு தொகை, அதிகமில்லை.

முதலாளி ரெகினுக்கு அழகிதான் வேண்டும்:
வங்கிக்காரர்கள் வரும்போது சுவரில் மாட்டலாம்.
கணக்கு எழுதும் சன்வாவுக்கு இலவசம்.
நான் அட்டவணை போட்டேன், மதிப்பெண் போட்டேன்,
அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

இருபத்திரண்டாம் நாள், விடிகாலை மூன்று பத்து.
புயலில் இணையம் அறுந்துவிட்டது.
துறையில் ஒரு படகு காட் மீனை இறக்குகிறது,
சீட்டு அச்சிடும் பிரிண்டர்கள் ஊமையாகிவிட்டன.
தொலைபேசி மட்டும் பிழைத்துக் கிடக்க
அதன் மறுமுனையில்
இரவுக் காவலர் ஹானுஸ்,
துடைப்பங்களுக்கு நடுவே, அழகியின் முன்னால்.

"சிவப்பா எது எரியுது?"
மூச்சு மட்டும் கேட்டது.
"எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, ரன்வா."
"ஒண்ணுகூடச் சிவப்பு இல்லையா?"
"எனக்கு எதுவுமே சிவப்பு இல்லை.
எப்பவுமே."

இருபத்தாறு வருடம்.
பச்சைச் சீட்டு ஏற்றுமதிக்கு, சிவப்புச் சீட்டு உள்ளூருக்கு.
ஒரு பெட்டி தவறியதில்லை.
சிவப்பின் மூலையை யாரும் பார்க்காமல்
நகத்தால் கிள்ளி வைப்பாராம்.

கறுப்புத் திரைக்கு மாறச் சொன்னேன்.
வாசித்தார், எழுத்தெழுத்தாக,
மருந்துப் புட்டியின் பின்பக்கத்தை வாசிப்பதுபோல:
இரண்டாம் வட்டு. பதில். இல்லை.
நான் சொன்ன கட்டளையை ஒற்றை விரலால் தட்டி
ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொன்னார்.
ஒரு புள்ளி விட்டுப்போயிற்று; மறுபடி.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவர் பேசவில்லை.
தொலைபேசியைப் பிரிண்டரிடம் பிடித்தார்.
கிர்ரக் கிர்ரக் என்று
ஈரக் குளிரில் சீட்டுகள் பிறக்கும் சத்தம்
தோர்ஸ்ஹவுனில் என் தலையணையில் விழுந்தது.

வைக்கும்முன் ஒரே ஒரு வார்த்தை:
"ரெகினுக்குத் தெரிய வேண்டாம்.
ஃபோர்க்லிஃப்ட் உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க."

காலையில் அட்டவணையைத் திறந்தேன்.
மதிப்பெண்களை அப்படியே விட்டேன்,
அழகிக்கு எழுபத்தொன்று, கறுப்புக்கு ஐம்பத்தெட்டு.
தேர்வு: மூன்றாவது.
காரணம் என்ற கட்டத்தில் வெகுநேரம்
கர்சர் கண்ணடித்துக்கொண்டிருந்தது.
விலை, என்று எழுதினேன்.

"இரண்டாவது இலவசமாயிற்றே" என்றாள் சன்வா.
ஆமாம் என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
போட்டுக்கொண்டாள், என்னைப் பார்த்தாள்.
சிவப்புப் பேனாவை மூடிவிட்டு
நீலத்தில் கையெழுத்திட்டாள்.
அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று
எனக்கு இன்னும் தெரியாது.